பின்பாதி மட்டும் தெரிந்தவர்

அந்தப் புதன்கிழமை மாலை இஞ்ஞாசி வீட்டுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களையும் அவரவர் உட்கார்ந்த இடத்தையும் முதலில் சொல்லிவிடுகிறேன். மாதா படத்துக்கு நேர் கீழே, மின்விசிறிக்கு அடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் இஞ்ஞாசி. அவருக்கு வலப்பக்கம் பாயில், முழங்கால் வலி என்று காலை நீட்டியபடி அமலோற்பவம் அக்கா. வாசற்படியை ஒட்டி ஸ்டூலில் இராயப்பன். அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், இன்றைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் படிக்கட்டு ஓரமாகத்தான் உட்காருவார். சுவரில் சாய்ந்து, கையில் போனோடு, கோயில் பாடகர் குழுவில் பாடுகிற சுகாசினி. ஜன்னலடியில் நான். வீட்டுக்காரி சலேத்மேரி மட்டும் எங்கேயும் உட்காரவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலுக்கு உட்பட்ட பகுதியில், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பதற்கு அன்பியம் என்று பெயர். பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் சில குடும்பங்கள்தான். அதற்குப் பொறுப்பாளர் இராயப்பன். செயலாளர் நான். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பது என் தொழில் என்பதால் எழுத்து வேலை எதுவாக இருந்தாலும் ‘சவரிநாதன் பார்த்துக்கொள்வான்’ என்று தள்ளிவிடுவார்கள்.

அன்றைக்குக் கூடியதற்குக் காரணம் இருந்தது. மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் இஞ்ஞாசிக்கு வெள்ளிக்கிழமை காலை சென்னையில் இருதய ஆபரேஷன். வியாழக்கிழமையே போய்ச் சேர வேண்டும். மனுஷன் கோயில் பக்கம் வந்தே பல வருஷம். பெரிய வெள்ளிக்குக்கூடக் கடையைத் திறந்து வைத்திருப்பார். அப்படிப்பட்டவர் இந்த ஒரு கூட்டத்தில் உட்காரச் சம்மதித்திருக்கிறார் என்று சலேத்மேரி எங்கள் எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தாள். இந்த ஒரு மணி நேரத்தையாவது நாம் ஒழுங்காக நடத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் நான் போனேன். நினைப்பதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

ஒரு சங்கடம், பக்கத்து வீட்டுத் தறி. கலியாணசுந்தரத்தின் தறிக்கும் இந்தக் கூடத்துக்கும் ஒரே சுவர். தறி ஓடினால் இங்கே இருப்பவர் கத்தித்தான் பேச வேண்டும். நான் முன்கூட்டியே போய், "ஒரு அரை மணி நேரம் நிறுத்துங்க சுந்தரம்ண்ணே, செபம் சொல்லணும்" என்று கேட்டேன். நெற்றி நிறைய விபூதியோடு தறியில் உட்கார்ந்திருந்தவர் நூல் ஓட்டுகிற நாடாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"சாமி விஷயம்னா நிறுத்தாம இருப்பனா? சொல்லுங்க சொல்லுங்க. இஞ்ஞாசி நல்லபடியா வரணும்" என்றார்.

தறி நின்றது. தெருவே காது கேளாமல் போனது மாதிரி இருந்தது. இராயப்பன் செபமாலையை எடுத்து, டிக்கெட் புத்தகத்தைப் பிடிக்கிற மாதிரியே இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்து சலேத்மேரி எனக்குக் கண்ஜாடை காட்டினாள்.

சமையலறைக்குள் போனேன்.

"அண்ணே, ஒரு உதவி" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "செபமாலை வேணாம்ணே. வேற எதுனா சொல்லச் சொல்லுங்க."

"ஏம்மா? செபமாலைக்குத்தானே வந்தோம்?"

"அதுல ஒவ்வொரு அருள் நிறைந்த மரியே முடிவுலயும் அந்த வார்த்தை வருதுல்ல. மரண நேரத்திலும்னு. ஐம்பது தரத்துக்கு மேல வரும். நாளான்னிக்கு நெஞ்ச அறுக்கப் போற ஆளு முன்னாடி உக்காந்துக்கினு அத்தனை பேரும் மரணம் மரணம்னு சொன்னா அவருக்கு எப்படி இருக்கும்?"

அவள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருந்த மாதிரிதான் தெரிந்தது. ஆனால் இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். தறியை நிறுத்தச் சொல்லி, மெழுகுவர்த்தி ஏற்றி, ஆளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டா சொல்வது?

என்ன ரகசியம் என்று பார்க்க அமலோற்பவம் அக்கா எழுந்து வந்தார். முழங்கால் வலி அதற்குள் எங்கே போனதோ. விஷயத்தைக் கேட்டதும், "ஐயோ பாவம், நியாயந்தானே. செபமாலை வேணாம், சூசையப்பர் செபம் சொல்லலாம். குடும்பத் தலைவர்களுக்கு அவர்தான் பாதுகாவல்" என்றார்.

"அக்கா, சூசையப்பர் எதுக்குப் பாதுகாவலர்னு ஞாபகம் இருக்கா?"

"எதுக்கு?"

"நல்ல மரணத்துக்கு."

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். அதற்குள் சுகாசினி வந்து நின்றாள். "அங்கிள், நான் வேணா நெட்ல தேடிப் பாக்கட்டுமா? ஆபரேஷனுக்கு முன்னாடி சொல்ற செபம்னு போட்டா வரும்."

தேடினாள். முதலில் வந்தது, இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்கான செபம். இரண்டாவது, இறந்த விசுவாசிகளின் ஆன்மாக்களுக்கான மன்றாட்டு. மூன்றாவது, ஒரு இன்சூரன்ஸ் விளம்பரம்.

"அத மூடும்மா" என்றேன்.

இனி இராயப்பன் மட்டும் பாக்கி. அவரும் வந்தார். வந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது, வண்டி நிற்காது என்று.

"இன்னாது? செபத்தை வெட்டறதா? சவரி, நீ செயலாளரா இருந்துக்கினு இதுக்குத் தலையாட்டிக்கினு நிக்கறியா?"

"நான் தலையாட்டலைண்ணே. கேட்டுக்கினு இருக்கேன்."

"செபமாலை ஆரம்பத்துல சொல்ற விசுவாசப் பிரமாணத்துல இறந்து அடக்கம் செய்யப்பட்டார்னு வருது. அதையும் வெட்டிடலாமா? அப்ப உயிர்த்தெழுந்தார்னு மட்டும் சொன்னா எங்கேர்ந்து எழுந்தாருன்னு கேக்க மாட்டாங்களா?"

"மெதுவா பேசுங்க மாமா" என்று சலேத்மேரி கெஞ்சினாள்.

"மெதுவாத்தாம்மா பேசறேன். அப்புறம் இன்னொண்ணு. இப்ப யாரும் மரண நேரம்னு சொல்றது இல்ல. அது பழைய செபம். இப்ப இறப்பின் வேளைன்னு மாத்தி ரொம்ப வருஷம் ஆச்சு."

"ரெண்டும் ஒண்ணுதானே மாமா!"

"ஒண்ணுதான். நான் இல்லன்னு சொல்லலியே."

இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அமலோற்பவம் அக்கா ஒரு யோசனை சொன்னார்: அந்த இடம் வரும்போது மட்டும் எல்லோரும் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். சுகாசினி ஒரு யோசனை சொன்னாள்: அந்த இடத்தில் அவள் உரக்கப் பாட ஆரம்பித்துவிடுவாள். இராயப்பன், ‘எங்கள் ஆபரேஷன் வேளையிலும்’ என்று வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்களேன் என்று நக்கலாகச் சொன்னார். அதை நக்கல் என்று புரிந்துகொள்ளாமல் அக்கா, "அது நல்லாத்தான் இருக்குது" என்றார்.

நான் பெருமூச்சு விட்டேன். என்னிடம் மனு எழுத வருகிறவர்களும் இப்படித்தான். பட்டா வேண்டும் என்று வருவார்கள். கொழுந்தனார் திட்டியது, ரேஷன் கடையில் எடை குறைந்தது, மருமகள் தாய்வீடு போனது எல்லாம் சொல்வார்கள். பட்டாவைத் தவிர எல்லாம் வரும். கேட்க வந்ததை முதலில் கேளுங்கள் ஐயா என்று நான் தினமும் தலையில் அடித்துக்கொள்கிறேன். இங்கே ஐந்து பேர் அடுப்படியில் நின்று, கேட்பதற்கு வார்த்தை பொறுக்கிக்கொண்டிருந்தோம். யாருக்காகக் கேட்க வந்தோமோ அந்த ஆள் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

அப்போது வாசலில் கலியாணசுந்தரத்தின் குரல் கேட்டது.

"இன்னா இஞ்ஞாசி, நீ மட்டும் உக்காந்துக்கினு இருக்கற? மத்தவங்கல்லாம் எங்க?"

இஞ்ஞாசியின் பதில் சாவதானமாக வந்தது. "உள்ள இருக்காங்க. என் சாவ எனக்குத் தெரியாம எப்படி வெக்கறதுன்னு பேசிக்கினு இருக்காங்க."

சலேத்மேரியின் கையிலிருந்த டம்ளர் நழுவித் தரையில் உருண்டது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வரிசையாகக் கூடத்துக்கு வந்தோம்.

கலியாணசுந்தரம் இடுப்பில் கை வைத்து நின்றார். அவருக்கு உண்மையாகவே கோபம். "தோ பாருங்க சவரி. கும்பிடறதுன்னா கும்பிடுங்க. இல்லன்னா சொல்லிடுங்க, நான் போய் தறியில உக்கார்றேன். இருட்டறதுக்குள்ள பார்டர்ல ஒரு சாண் ஏத்தியிருப்பேன். எங்க கோயில்ல பதிகம் ஆரம்பிச்சா நடுவுல எவனும் எழுந்து போக மாட்டான். நீங்க ஆரம்பிக்கவே இல்லியே!"

"மன்னிச்சுக்கோங்கண்ணே" என்றேன்.

"என்கிட்ட எதுக்கு? அவன்கிட்ட கேளுங்க" என்று நாற்காலியைக் காட்டினார்.

இஞ்ஞாசி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மெலிந்த முகம், கண் மட்டும் கடையில் கருகிய மோட்டாரில் எங்கே பழுது என்று தேடுகிற மாதிரி பார்த்தது.

"தறி நின்னுட்டா இந்த வூட்ல எலி நடந்தாலும் கேக்கும். நீங்க அஞ்சு பேரு பேசறது கேக்காதா? ஆபரேஷன் வேளையிலும்! ஏன்யா இராயப்பா, உனக்கு புத்தி இருக்குதா?"

"நான் சும்மா பேச்சுக்கு..."

"பேச்சுக்குத்தான் எல்லாம். சலேத்து, உன்னைச் சொல்லணும்." அவள் பக்கம் திரும்பினார். "இவங்கள வரச் சொன்னது யாரு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்கதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள்தான் கெஞ்சிக் கூத்தாடி அவரை உட்கார வைத்திருக்கிறாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர்தான் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.

"எதுக்குக் கூப்பிடச் சொன்னேன்? புடவை பேசறதுக்கா?" வந்தவுடன் அமலோற்பவம் அக்கா தேர்த் திருவிழாவுக்கு மாதாவுக்கு நீலப் பட்டுப்புடவையா, வெள்ளைப் பட்டுப்புடவையா என்று ஆரம்பித்ததை அவர் மறக்கவில்லை. "எனக்கு அருள் நிறைந்த மரியே முழுசா தெரியாது. பின்பாதிதான் தெரியும். சின்னப் பையனா இருந்தப்ப ராத்திரி எங்கம்மா முன்பாதி சொல்லும், நாங்க புள்ளைங்க தூங்கி வழிஞ்சிக்கினே பின்பாதி சொல்லுவோம். முன்பாதி எங்கம்மா வேலை. அது போனதோட முன்பாதியும் போச்சு. டாக்டர் தேதி குடுத்ததுலேர்ந்து ராத்திரி படுத்தா வாய் தன்னால அந்தப் பின்பாதிய முணுமுணுக்குது. ஆனா முன்னாடி யாரும் ஆரம்பிக்காம எப்படிச் சொல்றது? ஒத்தைக் கை தட்டினா மாதிரி இருக்குது."

"நான் சொல்றேன்னு சொன்னேனே" என்றாள் சலேத்மேரி.

"சொன்ன. நீ முன்பாதி சொல்லுவ, நான் பின்பாதி ஆரம்பிப்பேன், அந்த எடம் வந்ததும் ஓன்னு அழுதுடுவ. செபமாலையில நாலு மணிகூடத் தாண்டல. இதுல யாருக்கு வேண்டிக்கறது, உனக்கா எனக்கா? அதான் அழாம முன்பாதி சொல்ற ஆளுங்க நாலு பேர வரச்சொல்லுன்னேன். நீங்க வந்து அந்தப் பின்பாதியத்தான் வெட்டப் பாக்கறீங்க. எனக்குத் தெரிஞ்சதே அவ்ளோதான்யா! அதையும் புடுங்கிக்கினா நான் எதை வெச்சு சொல்லுவேன்?"

பிறகு அவரே, குரலைத் தணித்துக்கொண்டு, "பயம் இல்லன்னு யார் சொன்னாங்க? பயமாத்தான் இருக்குது. அந்த வார்த்தைய சொன்னா பயம் வர்றதில்ல. வந்த பயத்த எங்கனா கொண்டு போய் வெக்கணும்ல" என்றார்.

இராயப்பன் ஸ்டூலில் உட்காரவில்லை. பாயில், இஞ்ஞாசியின் காலடியில் உட்கார்ந்தார். சிலுவை அடையாளம் வரைந்தார்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க! ஆண்டவர் உம்முடனே..."

அவருக்கு எப்போதும் ஒரே வேகம். ஸ்டாப்பிங் வருவதற்குள் டிக்கெட் போட்டு முடிக்கிற அவசரம். அன்றைக்கு நிதானமாகச் சொன்னார். முன்பாதி முடிந்ததும் நிறுத்தினார். இஞ்ஞாசியின் குரல் எழுந்தது. அவர் சொன்னது பழைய செபம். "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று போனார். நாங்கள் "தூய மரியே, இறைவனின் தாயே" என்று போனோம். நாங்கள் முன்னால் முடித்துவிட்டு அவருக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பில் அவர் குரல் மட்டும், "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்று தனியாகக் கேட்டது. முதல் தடவை சலேத்மேரி முகத்தை மூடிக்கொண்டாள். இரண்டாவது தடவையும். எந்த மணியில் என்று தெரியவில்லை, அவள் வந்து அவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பழைய செபத்தையே அவரோடு சேர்ந்து சொல்ல ஆரம்பித்திருந்தாள். குரல் உடைந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. பிறகு நாங்களும் ஒவ்வொருவராகப் பழைய செபத்துக்கு மாறினோம். இராயப்பன்கூட அதைத் தடுக்கவில்லை.

கலியாணசுந்தரம் போகவில்லை. வாசற்படியில், செருப்புகளுக்கு நடுவில், முடியும் வரை உட்கார்ந்திருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். இராயப்பனிடமிருந்து செபமாலையை வாங்கி முத்தமிட்டுவிட்டு இஞ்ஞாசி, "சவரி, பாதர்கிட்ட சொல்லி எண்ணெய் பூசச் சொல்லணும். நோயாளிக்குப் பூசறது" என்றார்.

சலேத்மேரி விருட்டென்று எழுந்தாள். "அது மட்டும் வேணாம். நீங்க கேட்டீங்கன்னு இதுக்கு ஒத்துக்கினேன். எண்ணெய் வேணாம். எங்கப்பாவுக்கு சாயங்காலம் பூசினாங்க, விடியறதுக்குள்ள போய்ட்டாரு."

"உங்கப்பாவுக்குக் கடைசி மூச்சுல கூப்பிட்டீங்க. எண்ணெய் இன்னா பண்ணும்?"

"இருந்தாலும் வேணாம்."

"எங்கப்பாவுக்குப் பூசவே இல்ல. அவர் மட்டும் இன்னா, மார்க்கெட்டுக்குப் போய் காய் வாங்கிக்கினு இருக்காரா?"

சுகாசினி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். நான் சொன்னேன்: "அம்மா, அது சாகப் போறவங்களுக்கு மட்டும்னு பழைய காலத்துல நினைச்சது. பெரிய ஆபரேஷனுக்கு முன்னாடி பூசறதுதான் முறை. பாதரே எத்தனையோ தரம் பிரசங்கத்துல சொல்லியிருக்காரு."

"பிரசங்கத்துல சொல்லுவாரு. வூட்ல நான்தானே இருக்கணும்" என்றாள்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை. கை மட்டும் செபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அண்ணே, பாதருக்கு எழுதுங்க. ஆனா பொழைக்கறதுக்குன்னு எழுதணும். அது இல்லாம வேற எதுவும் எழுதக் கூடாது" என்றாள்.

எழுதத்தான் வேண்டும், வேறு வழியில்லை. மறைமாவட்டக் குருக்கள் எல்லோரும் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தியான இல்லத்தில் வருடாந்தரத் தியானத்தில் இருந்தார்கள். சனிக்கிழமைதான் திரும்புவார்கள். போன்களை உள்ளே நுழையும்போதே வாங்கி வைத்துவிடுவார்களாம். அமலோற்பவம் அக்கா அந்தத் தியான இல்லத்து ஆபீஸ் நம்பருக்கு அடித்துப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. "பாதர் இங்க வர வேணாம். சென்னைக்குப் போறது அந்த வழியா போயிடறோம். காலையில வண்டிய கேட்ல நிறுத்தறேன், அவர் வெளிய வந்து பூசினாப் போதும்" என்றார் இஞ்ஞாசி. கடிதம் இன்றைக்கே போய்ச் சேர்ந்தால் உண்டு.

பையிலிருந்து தாளை எடுத்தேன். எடுத்ததும் ஆரம்பித்தார்கள்.

"அப்படியே அந்த நீலப் பட்டு விஷயத்தையும் ஒரு வரி போட்டுடு சவரி" என்றார் அக்கா.

"செபத்தை மாத்தப் பாத்தாங்கன்னு ஒரு பாராவாவது எழுது. நாளைக்கு வேற வூட்லயும் இதே பேச்சு வரும்" என்றார் இராயப்பன்.

"அங்கிள், கொயர்க்கு புது கீபோர்டு..."

நான் பேனாவை மூடினேன். "ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. இஷ்டம் இல்லன்னா நீங்களே எழுதிக்கோங்க."

கலியாணசுந்தரம் வாசலிலிருந்து, "அப்படிச் சொல்லு" என்றார்.

எழுதினேன். பெறுநர், அனுப்புநர், நாள். பொருள்: நோயில்பூசுதல் வேண்டுதல் - தொடர்பாக. "வணக்கத்துக்குரிய தந்தை அவர்களுக்கு, நமது அன்பியத்தைச் சேர்ந்த திரு. இஞ்ஞாசி அவர்களுக்கு நாளை மறுநாள் இருதய அறுவை சிகிச்சை நடைபெற உள்ளது. அவர் நலமுடன் பிழைத்து வீடு திரும்ப வேண்டும் என்ற வேண்டுதலோடு நோயில்பூசுதல் பெற விரும்புகிறார். அவரே விரும்பிக் கேட்கிறார். நாளை காலை தியான இல்லத்து வாயிலில் குடும்பத்தோடு காத்திருப்பார். தாங்கள் பரிசுத்த எண்ணெயுடன் வந்து, முன்பாதி செபங்களைத் தாங்களே தொடங்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வாக்கியத்தைப் படித்துக் காட்டியபோது இஞ்ஞாசி, "அது ரொம்ப முக்கியம்" என்றார். சலேத்மேரி, "பிழைத்துங்கற வார்த்தை பெருசா தெரியற மாதிரி எழுதுங்கண்ணே" என்றாள். அதன் அடியில் ஒரு கோடு போட்டேன். என் தொழிலில் மனுவில் அடிக்கோடு போடக் கூடாது, போட்டேன்.

"கவர்ல வாட்ச்மேனுக்கு அவசரம்னு எழுதினியா?" என்றார் இராயப்பன். அவர் அதற்குள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். "செங்கல்பட்டு வண்டி இப்ப ஒண்ணு எடுப்பான். அத வுட்டா அப்புறம் வாலாஜாபாத்தோட நிக்கும். குடு, நான் போறேன்."

"நீங்களா?"

"பின்ன யாரு? வாட்ச்மேன் நிறுத்தினா பேசறதுக்கு ஒரு ஆள் வேணுமே. உன்னை அனுப்பினா பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்னு சொல்லிக்கினு கேட்லயே நிப்ப."

வீட்டில் பசை இல்லை. சலேத்மேரி உள்ளே போய்ச் சோற்றுப் பருக்கை நாலு கொண்டுவந்தாள். நான் உறையின் நாக்கில் வைத்துத் தேய்த்தேன். இஞ்ஞாசி கையை நீட்டி உறையை வாங்கி, கட்டை விரலால் ஓரம் முழுவதும் தானே அழுத்தி ஒட்டி, இராயப்பனிடம் கொடுத்தார். அவர் அதை மேல்சட்டைப் பையில் செருகி, பொத்தானைப் போட்டு, படி இறங்கிப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேகமாக நடந்தார்.